பச்சைச் சீட்டு வாங்கிய லாட்ஜ்

எங்கள் கம்பெனியின் பெயரைச் சொல்ல மாட்டேன். என் மச்சான் இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறான். ஓசூர் சிப்காட்டில், மூக்கண்டப்பள்ளிப் பக்கம், வெளியே அசோக மரமும் உள்ளே பல்சக்கரமும் வளர்க்கிற கம்பெனி என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

எண்பத்தொன்பதில் எங்கள் எம்.டி. ஜப்பானுக்குப் போய் வந்தார். போனவர் எல்லாரையும் போல ஒரு டிரான்சிஸ்டர் வாங்கி வந்திருந்தால் நாங்கள் நிம்மதியாக இருந்திருப்போம். அவர் தரம் என்ற ஒன்றை வாங்கி வந்தார். அன்றிலிருந்து கேட்டுக்குள் நுழைகிற எதுவாக இருந்தாலும் சோதனையில் பாஸாக வேண்டும். பாஸானால் பச்சைச் சீட்டு ஒட்டுவார்கள், இல்லாவிட்டால் சிவப்புச் சீட்டு. இரும்புக்கு ஒட்டினார்கள், சரி. எண்ணெய் டின்னுக்கு ஒட்டினார்கள், அதுவும் சரி. கேன்டீனுக்குப் பக்கத்து ஊரான தளியிலிருந்து வந்த முட்டைக்கோஸுக்கும் ஒட்டினார்கள். ஆயுத பூஜைக்கு வந்த பூசணிக்காய் உருண்டை சரியில்லை என்று சிவப்புச் சீட்டோடு திரும்பிப் போனது. மாற்றுப் பூசணி வந்து சேருவதற்குள் நல்ல நேரம் கடந்துவிட, அந்த வருஷம் மெஷின்களுக்கு ராகு காலத்தில் திருஷ்டி கழித்தோம். பூஜை செய்ய வந்த ஐயரின் மேல்துண்டில் பச்சைச் சீட்டு ஒட்டியிருந்ததை என் கண்ணால் பார்த்தேன்.

அடுத்து எம்.டி. சிங்கப்பூர் போனார். அங்கே பணக்காரர்கள் வேலை வெட்டி இல்லாமல் கப்பலில் ஏறிச் சுற்றி வருவதைப் பார்த்திருக்கிறார். திரும்பி வந்த வாரமே நோட்டீஸ் போர்டில் அறிவிப்பு வந்தது. சிறந்த தொழிலாளிக்குத் தம்பதி சமேதராய் ஆடம்பரக் கடல் உலா. விசாரித்தால், மெட்ராஸிலிருந்து போர்ட்பிளேருக்கு அரிசி மூட்டைக்காரனும் ஆசாரியும் ஏறிப் போகிற அதே கப்பல்தான். போர்டில் படம் மட்டும் வெள்ளைக்காரன் கப்பலாகப் போட்டிருந்தார்கள்.

பரிசு கங்கப்பனுக்குக் கிடைத்தது. கிரைண்டிங்கில் எனக்குப் பக்கத்து மெஷின். தேன்கனிக்கோட்டைப் பக்கம் தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் காட்டில் கூலிக்குப் போன குடும்பத்தில் முதலில் கம்பெனிச் சட்டை போட்டவன் அவன். நல்லவன். நல்லவன் என்றால், யார் என்ன சொன்னாலும் “சரிங்க” என்பவன். இதைவிடச் சிறந்த தொழிலாளி எந்தக் கம்பெனிக்குக் கிடைப்பான்?

அறிவிப்பைக் கேட்டதும் அவன் பொண்டாட்டி கெம்பம்மா அழுதுவிட்டாள். காரணம் இருந்தது. அவர்களுடைய ஒரே பெண் வீரலட்சுமியைக் கட்டியவன் போர்ட்பிளேர் துறைமுகத்தில் வெல்டர். பெண்ணுக்கு அப்போது வயிற்றில் ஏழு மாசம், தலைப்பிரசவம். அழைத்து வந்து வளையல் போட்டு, பிள்ளை பெற வைத்து அனுப்பவேண்டியது தாய்வீடு. ஆனால் பெண்ணின் உடம்பு இருக்கிற இருப்பில் கப்பலில் ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அங்கே அவளுக்கு மாமியார் கிடையாது, நாத்தனார் கிடையாது. வலி எடுத்தால் கையைப் பிடித்துக்கொள்ள ஆளில்லை. பெண்ணால் வர முடியாது, தாய்க்குப் போக வசதியில்லை என்று கெம்பம்மா மருகிக்கொண்டிருந்த நேரத்தில்தான் கம்பெனியே கப்பலை அனுப்பியது. எப்படியும் பிள்ளை பிறப்பதற்குள் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று கங்கப்பன் மகளுக்குக் கடுதாசி எழுதினான். இரண்டு மாசம் போல முழுதாக இருந்தது. கப்பலோ மாசத்துக்கு இரண்டு தடவை போகிறது. இதில் என்ன கெட்டுப்போக முடியும் என்று நானும்தான் நினைத்தேன்.

டிக்கெட்டை வாங்கிக்கொள்ளலாம் என்று கங்கப்பன் பர்சனல் மேனேஜர் அறைக்குப் போனான். அவர் கைகொடுத்தார், உட்காரச் சொன்னார், கப்பல் எத்தனை மணிக்குக் கிளம்புகிறது என்று கேட்டார். காலையில் என்றான் இவன். அப்படியானால் முந்தின ராத்திரி மெட்ராஸில் எங்கே தங்குவாய் என்று கேட்டார். இவன் வெள்ளந்தியாக, சென்ட்ரல் ஸ்டேஷனில் துண்டு விரித்துப் படுத்துக்கொள்வோம் என்று சொல்லிவிட்டான்.

மேனேஜர் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டாராம்.

“கங்கப்பா, நீ ஸ்டேஷன்ல படுத்தா படுக்கறது நீ இல்ல, நம்ம கம்பெனி. உன் முதுகு வலிச்சா அது உன்னோட போயிடும். கம்பெனி பேரு கெட்டா யார் பதில் சொல்றது? பரிசு குடுக்கறதே நாலு பேருக்குத் தெரியணும்னுதான். தெரியக்கூடாத எடத்துல போய்ப் படுக்கறேங்கறியே.”

டிக்கெட்டுகள் அவருடைய இரும்பு பீரோவுக்குள் போயின. தங்கும் ஓட்டலைத் தேர்வு செய்யக் கமிட்டி போட்டார்கள். மேனேஜர் தலைவர். பர்ச்சேஸ் ஆபீஸர், குவாலிட்டி ஆபீஸர் திம்மப்பன், யூனியன் செயலாளர் கோவிந்தப்பன் உறுப்பினர்கள். ஓட்டலில் தங்கப் போகிற கங்கப்பன் கமிட்டியில் கிடையாது. சரக்கை யாராவது கூட்டத்துக்குக் கூப்பிடுவார்களா? உள்ளே நடந்ததெல்லாம் டீ கொண்டுபோன கேன்டீன் சம்பங்கி சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். ஐம்பது வயசு ஆள், ஒரு வார்த்தை கூட்டிச் சொல்ல மாட்டார். கூட்டிச் சொல்ல அவசியமும் இருக்கவில்லை.

எங்கள் கம்பெனிக்கு எது வாங்கினாலும் பெங்களூரில்தான் வாங்குவார்கள். ஒரு மணி நேரத்தில் போய்விடலாம், பழகிய கடைகள். ஆகவே பர்ச்சேஸ் ஆபீஸர் வழக்கப்படி பெங்களூரில் மூன்று ஓட்டல்களிடம் விலை கேட்டு வாங்கி, ஒப்பிட்டுப் பார்த்து, மெஜஸ்டிக் பக்கம் ஒன்றைச் சிபாரிசும் செய்துவிட்டார். இதிலேயே மூன்று வாரம் போனது. கூட்டத்தில் கோவிந்தப்பன்தான் ஒரு சந்தேகம் கேட்டாராம், பெங்களூரில் கப்பல் எங்கே வரும் என்று. கடல் நம்முடைய ஆர்டரில் இல்லை, ஓட்டல் மட்டும்தான் இருக்கிறது என்றார் பர்ச்சேஸ். அது நியாயம்தான் என்று கமிட்டி ஒப்புக்கொண்டது. இருந்தாலும் பெருந்தன்மையாக மெட்ராஸிலும் தேடலாம் என்று தீர்மானம் போட்டார்கள். முதல் கப்பல் அந்த வாரம் போய்விட்டது.

பிறகு அந்தஸ்துப் பிரச்சினை வந்தது. சூப்பர்வைசர்கள் வெளியூர் போனால் தங்குவதற்கு ஒரு வகை லாட்ஜ் உண்டு. ஆபீஸர்களுக்கு வேறு வகை. கங்கப்பன் தொழிலாளி, ஆகவே சூப்பர்வைசர் லாட்ஜை மிஞ்சக்கூடாது. ஆனால் பரிசு பெற்றவன், ஆகவே அதைவிடக் குறையவும் கூடாது. சூப்பர்வைசர் லாட்ஜில் லிஃப்ட் இருக்காது, ஆபீஸர் ஓட்டலில் இருக்கும். இதை வைத்துக்கொண்டு இரண்டு கூட்டங்களில் முட்டி மோதினார்கள். கடைசியில் லிஃப்ட் இருக்கவேண்டும், ஆனால் ஓடக்கூடாது என்று முடிவானது. சம்பங்கி இதைச் சொன்னபோது நாங்கள் சிரித்தோம். கங்கப்பன் சிரிக்கவில்லை. மகளுக்குக் கால் வீங்கியிருக்கிறது என்று அன்றைக்குத்தான் கடுதாசி வந்திருந்தது.

எழும்பூரில் அப்படி ஒரு லாட்ஜ் அகப்பட்டுவிட்டது. லிஃப்ட் கதவில் ‘பழுது’ என்று வருஷக்கணக்காக அட்டை தொங்கியது. சரி, முடிந்தது என்று நினைத்தோம். எங்கே முடிகிறது? எங்கள் கம்பெனியில் புது ஆளிடம் எந்த உருப்படி வாங்கினாலும் முதலில் சாம்பிள் லாட் ஓட்டிப் பார்க்கவேண்டும். சாம்பிள் பாஸானால்தான் ஆர்டர். லாட்ஜுக்கு சாம்பிள் என்ன? ஒரு ராத்திரி. அந்த ராத்திரியை யாராவது தங்கித்தானே பார்க்கவேண்டும்?

முதலில் பர்ச்சேஸ் ஆபீஸர் போனார். தங்கப் போவது தம்பதி என்பதால் சம்சாரத்தையும் அழைத்துப் போனார். சத்தம் தாங்குமா என்று பார்க்கப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டார். மெரினாவைப் பார்த்துவிட்டு வந்து படுத்தால் எப்படித் தூக்கம் வருகிறது, சினிமா பார்த்துவிட்டு வந்தால் எப்படி வருகிறது என்று இரண்டையும் சோதித்துவிட்டுத் திரும்பினார். தலையணை கொஞ்சம் கெட்டி என்று அறிக்கை கொடுத்தார். அது அவர் கருத்து மட்டுமாக இருக்கலாம் என்று திம்மப்பன் போனார். தலையணை கெட்டியில்லை, கழுத்துதான் கெட்டி என்று அவர் கண்டுபிடித்தார். இரண்டு அறிக்கை முரண்பட்டால் மூன்றாவது சாம்பிள் எடுப்பது விதி. மேனேஜரும் அவர் சம்சாரமும் போனார்கள். அதற்குள் யூனியன் கொதித்து எழுந்தது. தொழிலாளி தங்கப்போகிற இடத்தை நிர்வாகம் மட்டும் தங்கிப் பார்ப்பது என்ன நியாயம் என்று கேட் முன்னால் கோஷம் போட்டோம். நானும்தான் போட்டேன், கங்கப்பனுக்காக என்று நினைத்துக்கொண்டு. கோரிக்கை வென்றது. கோவிந்தப்பன் தன் வீட்டம்மா சரோஜம்மாளோடு போய்த் தங்கிவிட்டு வந்து, லாட்ஜ் சாம்பாரில் தொழிலாளர் விரோதப் போக்கு தெரிகிறது என்று கேட் மீட்டிங்கில் பேசினார். சாம்பாரை மாற்றினார்கள். மாற்றின சாம்பாருக்கு மறுபடியும் சாம்பிள் எடுக்கவேண்டியிருந்தது.

இதற்கிடையில் லாட்ஜ்காரர் இத்தனை பெரிய மனிதர்கள் வந்துபோகிறார்களே என்று சந்தோஷப்பட்டு லிஃப்டை ரிப்பேர் செய்ய ஆள் கூட்டி வந்துவிட்டார். திம்மப்பன் டிரங்க் கால் போட்டு அதைத் தடுத்தார். ரிப்பேர் ஆனால் அப்ரூவல் கிடையாது என்று எச்சரித்திருக்கிறார். அந்தக் களேபரத்தில் இரண்டாவது கப்பலும் போனது. மூன்றாவதும் போனது.

கெம்பம்மா மூட்டை கட்டி அவிழ்த்துக் கட்டி அவிழ்த்துச் சலித்துவிட்டாள். கேழ்வரகு மாவில் புழு வைக்கும் என்று வாராவாரம் சலித்து வெயிலில் காயவைத்தாள். பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற மருந்துப் பொடியைத் தளியிலிருந்து வாங்கிவந்து டப்பாவில் போட்டு, டப்பாவைத் துணியில் சுற்றி வைத்திருந்தாள். ஒருநாள் பொறுக்க முடியாமல் கம்பெனி கேட்டுக்கே வந்துவிட்டாள். மேனேஜர் கார் வெளியே வந்ததும் குறுக்கே போய் நின்றாள். கங்கப்பன் ஓடிப்போய் அவளை ஓரமாக இழுத்தான். மேனேஜரும் நல்லவர்தான், காரை நிறுத்தி இறங்கினார். ஷிஃப்ட் முடிந்து நாங்கள் அத்தனை பேரும் அங்கேதான் நின்றோம்.

“சாமி, எங்களுக்கு லாட்ஜு வேணாம். கப்பல மட்டும் குடுங்க. எம் பொண்ணு அங்க ஒண்டியா கெடக்குது. நாள் நெருங்கிடுச்சு. நாங்க நின்னுக்கிட்டே கூட விடிய வெச்சுக்கறோம்.”

மேனேஜர் கண் கலங்கிவிட்டார். நிஜமாகவே கலங்கிவிட்டார், அதுதான் வேடிக்கை.

“அம்மா, உங்களுக்காகத்தானே இவ்வளவு பாடும். எங்க ஆபீஸர்ங்க பொண்டாட்டி புள்ளைங்களக் கூட்டிக்கிட்டு வாராவாரம் மெட்ராஸ் வெயில்ல போய்ப் படுத்துட்டு வர்றாங்க. என் சம்சாரத்துக்கு இன்னும் திருப்தி இல்ல, இன்னொரு தடவ பாத்துட்டுத்தான் சொல்லுவேங்கறா. நீங்க ஒரு ராத்திரி தூங்கறதுக்கு நாங்க எத்தனை ராத்திரி தூங்கியிருக்கோம்னு யோசிச்சுப் பாருங்க. எந்தக் கம்பெனிம்மா செய்யும்?”

லாட்ஜ் வேண்டாம், கப்பல் மட்டும் போதும் என்று மறுபடியும் சொன்னாள். பரிசு என்பது ஒரு முழு செட், நட்டை விட்டுவிட்டு போல்ட்டை மட்டும் டெலிவரி எடுக்க முடியாது என்று பொறுமையாக விளக்கினார். கங்கப்பன் “சரிங்க” என்றான். எனக்கு அவன் மேல்தான் கோபம் வந்தது. மேனேஜர் மேல் கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது? அவர் விதி அவரை அப்படிப் பேச வைக்கிறது. இவன் வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது?

அடுத்த வாரம் லாட்ஜுக்கு அப்ரூவல் கிடைத்தது. நான்காவது கப்பலுக்கு முந்தின நாள், கிருஷ்ணகிரி, வேலூர் வழியாகப் பஸ்ஸில் மெட்ராஸ் போனார்கள். கூடத் திம்மப்பனும் போனார். டிக்கெட்டுகள் அவர் பையில். லாட்ஜ் வாசலில் மாலை போட்டு போட்டோ எடுத்தார்கள். மூன்று மாடியும் கெம்பம்மா மூட்டையோடு படியேறினாள், ஓடாத லிஃப்டைப் பார்த்துக்கொண்டே. அறைக் கதவில் திம்மப்பன் தன் கையால் பச்சைச் சீட்டை ஒட்டினார். புருஷனும் பொண்டாட்டியும் கட்டிலில் படுக்கப் பயந்து, சீட்டு கசங்கினால் ஏதாவது சொல்வார்களோ என்று கதவைக் கூடத் தொடாமல், தரையில் படுத்தார்களாம்.

காலையில் எழுந்து குளித்து மூட்டையைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். பத்து மணிக்குள் துறைமுகத்தில் இருக்கவேண்டும். திம்மப்பன் ஃபைலோடு வந்தார். லாட்ஜில் ஒரு நாள் என்பது மறுநாள் பகல் பன்னிரண்டு மணி வரைக்கும் என்றார். அதற்கு முன்னால் அறையைக் காலி செய்தால் முழுச் சரக்கும் டெலிவரி ஆகவில்லை என்று ஆகிவிடும், ஷார்ட் சப்ளை, ஆடிட்டில் கேட்பார்கள், லாட்ஜ் அப்ரூவலே ரத்தாகும் என்றார். பன்னிரண்டு மணிக்குக் கப்பல் கடலில் இருக்குமே என்றான் கங்கப்பன். திம்மப்பனுக்கும் அது தெரியும். அவரும் பிள்ளை குட்டிக்காரர்தான். விதியை நான் போடவில்லை, கையெழுத்துதான் நான் போடுகிறேன் என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கங்கப்பன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டான். “சரிங்க” என்று சொல்லக்கூட அவனுக்கு வாய் வரவில்லை.

கெம்பம்மாதான் பேசினாள். தேன்கனிக்கோட்டைச் சந்தைக்குக்கூட அவள் தனியாகப் போனதில்லை.

“சார், ரூம்ல எத்தன பேர் இருக்கணும்னு உங்க சட்டத்துல எழுதியிருக்குதா?”

திம்மப்பன் ஃபைலைப் புரட்டினார். கட்டில் நீளம் இருந்தது, சாம்பார் இருந்தது, ஓடாத லிஃப்ட் இருந்தது. ஆள் கணக்கு இல்லை.

“அப்ப இவரு பன்னெண்டு மணி வரைக்கும் இருக்கட்டும். எங் கப்பல் சீட்ட எங்கிட்ட குடுங்க.”

அவர் யோசித்துப் பார்த்தார். விதியில் தடை எதுவும் இல்லை. அவருக்கே பெரிய பாரம் இறங்கின மாதிரி இருந்திருக்கவேண்டும், பையைத் திறந்து உடனே எடுத்துக் கொடுத்தார். கங்கப்பன் எழுந்தான். கீழே வரைக்குமாவது வருகிறேன் என்றான். அறை காலியாகிவிடும் என்று திம்மப்பன் நினைவூட்டினார். கெம்பம்மா அரிசி, மாவு, மருந்துப் பொடி எல்லாவற்றையும் தலையில் ஒன்றும் இடுப்பில் ஒன்றுமாகத் தூக்கிக்கொண்டாள். வாசலில் நின்று ஒரே ஒரு தடவை திரும்பினாளாம்.

“நீங்க படுத்துக்கோங்க. கம்பெனி தூங்கட்டும்.”

இதை எனக்குச் சொல்லும்போது கங்கப்பன் அழுதான். பன்னிரண்டு மணி வரைக்கும் அந்தக் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறான். எதிரே நாற்காலியில் திம்மப்பன் கடிகாரத்தைப் பார்த்து எழுதிக்கொண்டு, நடுவில் ஒரு போட்டோவும் எடுத்துக்கொண்டு. அவள் எந்தப் பஸ் ஏறினாள், துறைமுகத்தில் யாரிடம் வழி கேட்டாள், மூட்டையை யார் ஏற்றிவிட்டார்கள், ஒன்றும் தெரியாது. பன்னிரண்டு அடித்ததும் திம்மப்பன் கைகொடுத்துப் பாராட்டினார். பயன்படாத ஒரு டிக்கெட்டையும், கங்கப்பனின் மிச்ச லீவையும் கம்பெனி திரும்ப எடுத்துக்கொண்டது. மறுநாள் இரண்டாவது ஷிஃப்டுக்கு அவன் வந்துவிட்டான்.

கெம்பம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். மூன்று நாள் வாந்தி எடுத்துக்கொண்டே போனாளாம். ஆனால் அவள் கரையில் கால் வைப்பதற்கு ஐந்து நாள் முன்னாலேயே வீரலட்சுமிக்குப் பெண் குழந்தை பிறந்துவிட்டது. ராத்திரி முழுக்க வலி. மருமகன் வேலைக்குப் போயிருக்க, பக்கத்து வீட்டு வங்காளிப் பெண் ஒருத்தி, பேச்சும் புரியாமல் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். தாயைப் பார்த்ததும் மகள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள் என்றும், சாயந்திரம் வரைக்கும் திரும்பவில்லை என்றும் கெம்பம்மா யாரையோ வைத்து எழுதியிருந்தாள். மகளுக்கு உடம்பு தேறவில்லை, தன்னால் இப்போதைக்கு வர முடியாது என்றும் இருந்தது.

கம்பெனி ஆண்டு விழா வந்தது. மேனேஜர் பேசினார். கப்பலில் யார் வேண்டுமானாலும் போகலாம், அது பெரிய விஷயமில்லை என்றார். ஆனால் கப்பல் ஏறுவதற்கு முன்னால் ஒரு தொழிலாளி எப்படித் தங்கவேண்டும் என்று இந்தியாவுக்கே காட்டியவர்கள் நாம்தான் என்றார். கமிட்டி உறுப்பினர்கள் எல்லாருக்கும் சால்வை போட்டார்கள். கோவிந்தப்பனுக்குப் போட்டபோது நாங்களும் கை தட்டினோம். கட்டிலில் உட்கார்ந்திருக்கிற கங்கப்பனின் போட்டோவை ஆளுயரத்துக்குப் பெரிதாக்கி மேடையில் மாட்டியிருந்தார்கள். அதில் அவன் ஒரு பக்கமாக நகர்ந்து உட்கார்ந்திருந்தான், பக்கத்தில் இன்னொருவர் உட்கார இடம் விட்டு.

அனுபவத்தைச் சொல்லச் சொல்லி அவனை மேடைக்குக் கூப்பிட்டார்கள். மைக்கைக் கையில் வாங்கினான்.

“ரூம் நல்லா இருந்துச்சுங்க,” என்றான்.

எம்.டி. முதலில் கை தட்டினார். பிறகு எல்லாரும் தட்டினார்கள். மேனேஜர் சிரித்துக்கொண்டே வந்து அவன் தோளில் தட்டி மைக்கை வாங்கிக்கொண்டார். கங்கப்பன் நகரவில்லை. கைதட்டல் ஓயாமல் இருக்கும்போதே ஏதோ சொன்னான். மேடையோரத்தில் தண்ணீர் டிரம் பக்கம் நின்றிருந்ததால் கீழே இருந்தவர்களில் எனக்கு மட்டும் கேட்டது.

“பேத்தியத்தான் இன்னும் பாக்கலீங்க.”